ரசீது எங்கே?

ரமலான் பிறை தெரிந்துவிட்டால் போதும், தோளில் பையை மாட்டிக்கொண்டு வசூலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மதரஸா கட்டடம், அனாதை நிலையம், பள்ளிவாசல் விரிவாக்கம், ஏழைக் குமர் காரியம் என்று ஒரு நாளில் நாலு பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள். நாமும் கொடுக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ்! கொடுக்கும் மனம் இந்தச் சமுதாயத்தில் இன்னும் வற்றிப் போகவில்லை.

ஆனால் சகோதரரே, கொடுத்த பணத்துக்கு உங்கள் கையில் என்ன இருக்கிறது?

வீட்டில் தேடிப் பாருங்கள். மேசை இழுப்பறையில் போன வருடத்து ரசீது ஒன்றிரண்டு கிடைக்கலாம். எடுத்துப் படியுங்கள். மேலே பெரிதாகப் பள்ளிவாசல் படம், பக்கத்தில் பிறை. அதற்குக் கீழே பதிவு எண் இருக்கிறதா? அறக்கட்டளையின் பான் எண்? வரிசை எண்ணாவது உண்டா? கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் 'அல்லாஹ்வின் அடியான்' என்று எழுதியிருக்கும். தொகை எழுத்தால் எழுதப்பட்டிருக்காது. எண்ணால் மட்டும் இருக்கும், அதில் ஒரு சைபரை யார் வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். எதற்காக வாங்கப்பட்ட பணம்? 'நன்கொடை' என்ற ஒரே வார்த்தை. கையெழுத்து யாருடையது என்று அந்தக் கையெழுத்தைப் போட்டவருக்கே தெரியாது!

இதற்குப் பெயர் ரசீதா? மளிகைக் கடையில் கால் கிலோ சீனி வாங்கினாலும் இதைவிட நல்ல சீட்டு தருகிறார்கள்.

கேட்டால் என்ன பதில் வருகிறது தெரியுமா? "என்ன பாய், அல்லாஹ்வுக்காகக் கொடுக்கிற காசுக்குப் போய் ரசீது கேட்கிறீங்க! இக்லாஸ் வேண்டாமா? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாதே!"

நன்றாகக் கவனியுங்கள். அந்த நபிமொழி யாரைப் பற்றிப் பேசுகிறது? மறைவாகத் தர்மம் செய்யும் மனிதரைப் பற்றிப் பேசுகிறது. கொடுப்பவர் தன்னைப் புகழ்ச்சியிலிருந்து காத்துக்கொள்ளச் சொல்லப்பட்டது அது. வாங்குகிறவர் கணக்கை மறைத்துக்கொள்ள அதில் எங்கே அனுமதி இருக்கிறது? இந்த இக்லாஸ் பேசும் நிர்வாகிகள்தாம் ஜும்ஆ முடிந்ததும் மைக்கைப் பிடித்து, "இன்ன ஊர் இன்ன ஹாஜியார் ஐம்பதாயிரம்" என்று மஹல்லாவுக்கே அறிவிக்கிறார்கள். மைக்கில் பெயர் வரலாம், ரசீதில் மட்டும் வரக் கூடாதாம்! தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? பெயர் கணக்குப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கட்டும், மைக்கில் வர வேண்டாம். அதுதான் இக்லாஸுக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது.

அல்லாஹ்வின் வேதத்தில் மிக நீளமான வசனம் எது? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம் அது (2:282). தொகை சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்றே அங்கே கட்டளை வருகிறது. அது கடனைப் பற்றியதுதானே என்று சிலர் வாதம் செய்வார்கள். சரி, அனாதையின் சொத்தை அவனிடம் திருப்பிக் கொடுக்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளை (4:6) எதைப் பற்றியது? அனாதை நிலையத்துக்கென்று வாங்கிய பணத்துக்குச் சாட்சி எங்கே என்று கேட்டால் நம்மை மட்டும் ஏன் முறைக்கிறீர்கள்?

நபி (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஜகாத் வசூலிக்க அனுப்பிய சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்து வைத்தார். அண்ணலார் அதை விட்டுவிடவில்லை. மிம்பரில் ஏறி நின்று, தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையிலேயே கேட்டார்கள். நபித்தோழர் ஒருவரிடமே கணக்குக் கேட்கப்பட்டிருக்கிறது! இன்று சதவீதம் பேசி, பாதியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு மீதியை மதரஸாவில் சேர்க்கும் வசூல்காரரிடம் நாம் கேட்டால் அது மட்டும் மரியாதைக் குறைவாகிவிடுமா? வசூலிப்பவருக்குக் கூலி உண்டு, குர்ஆனே அதை அனுமதிக்கிறது (9:60). ஆனால் கொடுத்தவருக்குத் தெரியாமல் வெட்டப்படும் பங்குக்குக் கூலி என்று பெயர் வைக்க முடியாது.

இனி, யாரும் பேசாத ஒரு விஷயத்துக்கு வருவோம். ரசீதில் 'நன்கொடை' என்று மட்டும் எழுதுவதால் என்ன கெட்டுவிட்டது? ஜகாத்தே கெட்டுவிடுகிறது! ஜகாத் பணம் போய்ச் சேர வேண்டியது எட்டுப் பிரிவினருக்கு என்று அல்லாஹ்வே வரையறுத்துவிட்டான். பள்ளிவாசல் கட்டவோ, தரைக்கு மார்பிள் போடவோ அதைத் தொடக் கூடாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் முடிவு. நீங்கள் ஜகாத் என்று எண்ணிக் கொடுத்தீர்கள், வாங்கியவர் நன்கொடை என்று எழுதினார், பொருளாளர் பொதுக் கணக்கில் போட்டார், மினாராவுக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. உங்கள் ஜகாத் எங்கே போனது? மறுமையில் யார் பதில் சொல்வது? பக்கத்துத் தெருவில் கடன்பட்டு நிற்பவனின் பங்கு மினாரா உச்சியில் காய்ந்துகொண்டிருக்கிறது! பித்ராவுக்கும் குர்பானித் தோல் பணத்துக்கும் இதே கதிதான். ரசீதில் ஜகாத், ஸதகா, பித்ரா, கட்டட நிதி என்று நாலு கட்டம் போட்டு, எது என்று டிக் அடிக்க என்ன செலவாகும்? அச்சுக்கூலி அதே கூலிதான்.

அடுத்தது வருமானவரி. இங்கேதான் சில அறக்கட்டளைகள் செய்யும் காரியம் வெட்கக்கேடாக இருக்கிறது. ரசீதின் அடியில் '80ஜி வரிவிலக்கு உண்டு' என்று கூசாமல் அச்சடிக்கிறார்கள். உண்டா? பெரும்பாலும் இல்லை.

1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு தந்த சலுகை அது. 2025இல் இயற்றப்பட்டு 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கென வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறிவிட்டது. ஜனங்கள் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது. அந்த அங்கீகாரம் தர்ம நோக்கத்துக்கு மட்டுமே கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட மதத்தவருக்கோ சாதியினருக்கோ மட்டும் என்று எழுதிக்கொண்ட அறக்கட்டளைக்குக் கிடைக்காது. மார்க்கக் கல்வி மட்டுமே தரும் மதரஸாவுக்கும், உங்கள் மஹல்லா பள்ளிவாசலுக்கும் இந்தப் பொது வழியில் இடமில்லை. மத்திய அரசு தனியாக அறிவிக்கை செய்த வழிபாட்டுத் தலங்களின் புதுப்பிப்பு வேலைக்குத்தான் வேறு வழி உண்டு. எல்லாருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் நமது பள்ளிக்கூடம், கல்லூரி, மருத்துவமனை அறக்கட்டளைகள் தாராளமாக அங்கீகாரம் பெறலாம். பெற்றும் இருக்கின்றன. அப்படிப் பெற்றவை மார்க்கச் செலவுக்கு ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதியையும் நினைவில் வைக்க வேண்டும்.

அங்கீகாரம் இருந்தாலும் கைரசீது மட்டும் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். 2021-22 கணக்காண்டு முதல் முறை மாறிவிட்டது. யார் எவ்வளவு கொடுத்தார், அவருடைய பான் அல்லது ஆதார் எண் என்ன என்ற பட்டியலை ஆண்டு முடிந்தபின் மே 31க்குள் அறக்கட்டளை வருமானவரித் துறையில் தாக்கல் செய்ய வேண்டும். அதிலிருந்து வரும் சான்றிதழைக் கொடையாளிக்குத் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் கையிலிருக்கும் வண்ண ரசீதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் சலுகை கிடையாது. காசோலையோ வங்கி வழியோதான்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. பத்தாயிரம் கொடுத்தால் வரியில் பத்தாயிரம் குறையும் என்று வசூலுக்கு வருபவர் ஆசை காட்டுகிறார். இத்தகைய அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான், அதுவும் ஒரு வரம்புக்கு உட்பட்டு, உங்கள் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். அதாவது 5,000 ரூபாய்க்கு உரிய வரி மட்டுமே மிச்சம். புதிய வரித்திட்டத்தில் இருப்பவருக்கு அதுகூட இல்லை. கழிவு எதையும் கோராத சம்பளக்காரருக்கு இந்த ஆசை வார்த்தையால் ஒரு பைசா பயனில்லை.

"காசோலை கொடுங்கள், கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம், முழுத்தொகைக்கும் ரசீது போட்டுத் தருகிறோம்" என்ற வியாபாரம் நாட்டில் நடக்கிறது. எந்தச் சமூகத்தவர் நடத்தினாலும் அது பச்சைத் திருட்டு. 2025 ஜூலையில் வருமானவரித் துறை நாடு முழுக்கப் போலிக் கழிவுகளைத் தேடிச் சோதனை போட்டபோது, நன்கொடைக் கழிவும் அந்தப் பட்டியலில் இருந்தது. நம்மவர் நிறுவனம் ஒன்று அப்படிச் சிக்கினால் என்ன நடக்கும்? அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டா செய்தி வரும்? சமுதாயத்தின் பெயரைப் போட்டு வரும்! மதரஸாக்களுக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டத்தின் கையில் நாமே கம்பைக் கொடுக்கலாமா? நம் மேல் சுமத்தப்படும் அவதூறுக்கு மேடையில் மணிக்கணக்கில் பதில் சொல்கிறோம். எண் போட்ட ரசீதும் தணிக்கை செய்த கணக்கும் ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிடும்.

'அல்லாஹ்வின் அடியான்' விவகாரத்துக்கும் சட்டத்தில் விலை உண்டு. 2006ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி, கொடுத்தவரின் பெயரும் முகவரியும் பதிவில் இல்லாத பணம் அநாமதேய நன்கொடை. முழுக்க வழிபாட்டுக்கென உள்ள அமைப்பின் உண்டியலை அது தொடாது. ஆனால் கல்வி, மருத்துவ அறக்கட்டளைகள் அத்தகைய பணத்தை வரம்புக்கு மேல் வாங்கினால் 30 சதவீதம் வரி. ஏழை மாணவனின் ஸ்காலர்ஷிப்புக்கு வந்த பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பெயர் எழுதச் சோம்பல்பட்டதற்காக வரியாகப் போகிறது!

வெளிநாட்டுச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. துபாயிலோ ரியாதிலோ உழைக்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை பெற்றுவிட்ட நம் சொந்தக்காரர் அனுப்பினால், அவர் நம் ஊர்க்காரரே ஆனாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத ஜமாஅத் அதைத் தொடக் கூடாது. ரசீதில் குடியுரிமை எழுதாமல் வாங்கிப்போட்டுவிட்டு, நோட்டீஸ் வந்தபின் வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்காருவதில் என்ன புத்திசாலித்தனம்?

இப்போது ரசீதுப் புத்தகமும் வேண்டாம் என்றாகிவிட்டது. ஜி-பே எண் போட்ட ஒரு நோட்டீஸ், அதில் ஒரு கட்டம். ஸ்கேன் செய்தால் வருவது அறக்கட்டளையின் பெயரா, பொருளாளரின் பெயரா? பொருளாளரின் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். நாளைக்கு அவர் மவுத்தாகிவிட்டால் அந்தக் கணக்கிலிருக்கும் பணம் அவருடைய வாரிசுகளுக்கா, அனாதைகளுக்கா?

நம் அமைப்பின் கிளைகளுக்கும் இது பொருந்தும். தலைமை வழங்கிய, எண்ணிட்ட புத்தகம் இல்லாமல் எந்தக் கிளையும் ஒரு ரூபாய் வசூலிக்கக் கூடாது. கிழிந்த ரசீதும் ரத்தான ரசீதும் அடிக்கட்டையோடு சேர்த்துத் திருப்பித் தரப்பட வேண்டும். வெள்ளம் வந்தது, அவசரம் என்று துண்டை ஏந்தினாலும், அன்றிரவே இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி, மொத்தத் தொகைக்கு ஒரு ரசீது போட்டுப் பள்ளிவாசல் பலகையில் ஒட்ட வேண்டும். செய்யாத கிளையைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள்.

வாசகர்களே, அடுத்த முறை பையோடு ஒருவர் வந்தால் சலாம் சொல்லி உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். பிறகு புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். வரிசை எண் உண்டா? பதிவு எண்ணும் பான் எண்ணும் உண்டா? எந்த நிதிக்கு என்ற கட்டம் உண்டா? கார்பன் தாள் வைத்து எழுதுகிறாரா? போன வருடத் தணிக்கை அறிக்கை கையில் இருக்கிறதா? இல்லையென்றால், "கொண்டு வாருங்கள், பணம் எடுத்து வைத்திருக்கிறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். உண்மையானவர் மறுநாளே வருவார்.