நான்காம் மாடியில் ஒரு மீன் தொட்டி



டோம்பிவிலியிலிருந்து ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். நான்காம் மாடியில் சொந்த வீடு. கட்டடத்திற்கு வயது 32. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தால் பெரிய மீன் தொட்டி வாங்கித் தருவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பையனும் எடுத்துவிட்டான். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று கடையில் அளவும் பேசியாயிற்று. "இதை மாடி தாங்குமா?" என்று அவர் மனைவி கேட்ட பிறகுதான் அவருக்கு உறக்கம் போயிற்று. கேட்ட அந்தச் சகோதரியை முதலில் பாராட்ட வேண்டும்.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். ஒரு கன அடித் தண்ணீர் 28 லிட்டருக்குச் சற்று அதிகம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அந்தத் தொட்டியின் கொள்ளளவு 24 கன அடி. ஆகவே தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 680 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடியானால் அது 120 கிலோவுக்குக் குறையாது. அடியில் பரப்பும் மணல், கற்கள், இரும்பு நிறுத்தம் எல்லாம் சேர்ந்தால் 900 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு சிறிய காரின் எடையை வரவேற்பறையின் ஓரத்தில் வைப்பதற்கு ஒப்பாகும் இது.

நம் நாட்டில் குடியிருப்பு அறைகளின் தளத்தை, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பாரம் ஏற்றுவார்கள் என்று கொண்டு வடிவமைக்கிறார்கள். ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தரவிதியின் இரண்டாம் பகுதி, 1987-ஆம் ஆண்டுப் பதிப்பு, கூறுவது இதுவே. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை 11 சதுர மீட்டர். மொத்தம் 2,200 கிலோ. "அப்படியானால் 900 கிலோ எம்மாத்திரம்?" என்று பலர் இங்கேயே நிம்மதி அடைந்துவிடுகிறார்கள்.

அங்கேதான் தவறு. தொட்டி அறை முழுவதும் பரவி நிற்பதில்லை; ஒரு சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் நிற்கிறது. அந்த இடத்தில் பாரம் நான்கு மடங்காகிறது. மேலும், விருந்தினர் வருவார்கள், போவார்கள். தொட்டியோ இரவும் பகலும் ஆண்டுக்கணக்காக அங்கேயே இருக்கும். நிரந்தரப் பாரத்தின் கீழ் கான்கிரீட் காலப்போக்கில் சிறிது சிறிதாகத் தொய்வடையும் தன்மையுள்ளது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் வீடுகளில் ஜெபக்கூட்டம் நடக்கும் நாளில் முப்பது பேர் அந்த ஒரே அறையில் நெருங்கி அமர்கிறோம். தலைக்கு 60 கிலோ என்றாலும் 1,800 கிலோ. அதனோடு தொட்டியையும் கூட்டினால் 2,700. அலமாரியையும் சோபாவையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. பொறியாளர்கள் பாதுகாப்புக்கென்று உபரி பலம் வைத்திருப்பார்கள் என்பது உண்மைதான். அது நாம் செலவழிப்பதற்காக வைத்ததன்று. பழைய தரையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே கலவை பரப்பிப் புது டைல்ஸ் பதித்த வீடுகளில் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டது. இரண்டு அங்குலக் கனமே சதுர மீட்டருக்கு 100 கிலோவாகும்.

இடத்தைத் தெரிந்துகொள்வதிலும் கவனம் வேண்டும். அறையின் நடுவில் வேண்டாம். வெளியே நீட்டிக் கட்டப்பட்ட பால்கனியை அடைத்து அறையாக்கியிருந்தால் அங்கே அறவே வேண்டாம். அதற்கு ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம். கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி, தூணுக்கு அருகில் நீளவாக்கில் வைப்பதே நல்லது. எல்லாச் சுவரின் கீழும் பீம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தடுப்புச் சுவர் பல வீடுகளில் வெறும் தளத்தின்மேலேயே நிற்கிறது. நான்கு கால் நிறுத்தமானால் ஒவ்வொரு காலும் 200 கிலோவுக்கு மேல் ஒரு சிறு புள்ளியில் அழுத்தும், டைல்ஸ் வெடிக்கும். தரை சமமாக இல்லாவிட்டால் கண்ணாடி இணைப்பிலும் கசிவு வரும்.

சகோதரருக்கு என் பதில் இதுவே: 32 ஆண்டான கட்டடத்தில், பொறியாளர் பார்க்காமல் ஆறடித் தொட்டி வேண்டாம். மழையும் உப்புக் காற்றும் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி உபவிதிகள்படி, 30 ஆண்டு கடந்த கட்டடத்திற்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஸ்ட்ரக்சுரல் ஆடிட் செய்ய வேண்டும். அந்த அறிக்கையைச் சொசைட்டி செயலாளரிடம் கேட்டு வாங்கி, உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். அவர் தயங்கினால், மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியைப் பற்றிக் கேளுங்கள். எல்லாம் சேர்த்து 200 கிலோ அளவில் நிற்கும். மகனிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு இது விளங்காததல்ல.

பொறியாளர் வரும் நாளில் இன்னொரு காரியமும் உண்டு. உங்கள் தளத்தின் அடிப்பக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அது மூன்றாம் மாடிக்காரரின் கூரை. துருக்கறை, வெடிப்பு, பூச்சு உதிர்ந்த இடம் இருந்தால் அவர்கள் வீட்டில்தான் தெரியும். முன்கூட்டியே அவர்கள் கதவைத் தட்டி, காரணத்தைச் சொல்லி, பார்க்க அனுமதி கேளுங்கள்.