நாற்பத்திரண்டாம் பக்கத்தில் நின்றுபோன வாசகர்

ஞாயிறுதோறும் ஆபிட்ஸ் நடைபாதையில் விரியும் பழைய புத்தகக் கடைகளுக்குச் செல்வது என் வழக்கம். சென்ற வாரம் நண்பர் ஒருவரும் உடன் வந்தார். மதுரைக்காரர், என்னைவிட மூத்தவர். மென்பொருள் துறையில் பணிபுரிந்தபடி பதினோரு ஆண்டுகளாக ஹைதராபாத்தில் வாழ்பவர். "தம்பி, தமிழ்ல இப்ப என்னதான் வருது? நான் படிக்கிற மாதிரி நாலு புத்தகம் சொல்லுப்பா" என்றார்.

இதே கேள்வியை அவர் மூன்றாண்டுகளுக்கு முன்பும் கேட்டிருக்கிறார். அன்று எண்ணூறு பக்க நாவல் ஒன்றை அவர் கையில் திணித்தேன். ஆறு மாதம் கழித்துத் திருப்பித் தந்தபோது நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு செருகப்பட்டிருந்தது. "நமக்கு இதெல்லாம் ஏறாதுப்பா" என்று சிரித்தார். அந்த நாவலில் பிழையில்லை, அவரிடமும் பிழையில்லை. பிழை முற்றிலும் என்னுடையது.

ஆய்வாளர்களாகிய நாம் பெரும்பாலும் மேற்கோளுக்காகப் படிக்கிறோம். பிறர்க்கு நூலைப் பரிந்துரைக்கும்போதும் அவருடைய தேவையை மறந்து நம்முடைய தகுதியையே பறைசாற்றிக்கொள்கிறோம். தார்நாக்காவிலிருந்து ஹைடெக் சிட்டி வரை மெட்ரோவில் நின்றபடி செல்லும் ஒருவருக்குக் கிடைக்கும் வாசிப்பு நேரம் ஒரு நாளைக்கு அரைமணிதான். 'தமிழின் சிறந்த நூல் எது?' என்பதை விட 'இவருடைய அந்த அரைமணிக்கு உரிய நூல் எது?' என்பதே பரிந்துரைப்பவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா என்பது என் கருத்து.

தமிழகத்திற்கு வெளியே இவ்வினாவின் எடை கூடுகிறது. சென்னையில் ஒரு நூல் பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று கிடைக்கும். இங்கோ, நூல் அஞ்சலில் வர வேண்டும்; அல்லது ஊருக்குப் போனவர் பையில் வர வேண்டும். தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் தெலுங்கு கட்டாயப் பாடம். அது முறையானதே. ஆனால் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்தைக் காணும் ஒரே இடம் பெற்றோரின் கையிலுள்ள புத்தகமாகத்தான் இருக்க முடியும். தந்தை வாசிப்பைக் கைவிட்டால் அந்த வீட்டில் தமிழ் எழுத்தே இல்லாமல் போகும்.

ஆகவே இம்முறை சற்றுப் பொறுப்புடன் ஒரு பட்டியலைத் தயாரித்தேன். எல்லாமே கடந்த பத்தாண்டுகளை ஒட்டி வெளிவந்தவை.

முதலாவது, கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்'. மென்பொருள் துறையின் உள்வாழ்க்கையைச் சொல்லும் நாவல். 2021இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் பெற்றது. மதிப்பீட்டுக் கூட்டங்களையும் வேலைநீக்க அச்சத்தையும் நேரில் அறிந்தவர்க்கு இதில் நுழைய எந்த முன்பயிற்சியும் வேண்டியதில்லை.

இரண்டாவது, தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. கணியன் பூங்குன்றனாரின் பாடலிலிருந்து எடுத்த தலைப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். கொங்கு நாட்டு நாவிதர் குடும்பமொன்றில், காரு மாமா என்ற மனிதரின் சாவையொட்டி உறவுகள் கூடும் கதை இது. ஊரில் ஒரு துக்க வீட்டிற்குப் போய் இரண்டு நாள் தங்கிய எவருக்கும் இதன் மனிதர்கள் தெரிந்தவர்களே.

தொடர்ந்து படிக்க நேரமில்லாதவர்க்கு அம்பையின் 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' என்ற சிறுகதைத் தொகுப்பு. நாளுக்கு ஒரு கதை போதும். ஆயினும் தலைப்புக் கதையை அலுவலகம் செல்லும் வழியில் படிக்காதீர்கள். இசையை நேசிக்கும் தந்தைக்கும் செவி கேளாத மகளுக்கும் இடையிலான அக்கதை அன்றைய வேலையைக் கெடுத்துவிடும்.

வரலாற்றில் ஆர்வமுள்ளோர்க்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. வ.உ.சி. கைதானதை எதிர்த்து 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஆவணங்களில் ஊன்றிய ஆய்வு நூல்தான். எனினும் அடிக்குறிப்புகளை முதல் வாசிப்பில் தாண்டிச் செல்லலாம். ஓர் ஆய்வு மாணவனாக இதைத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்.

தன்வரலாற்றில் தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்'. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் எழுதியது. 2015இல் அவர் மறைந்த பிறகு நூலாக வந்தது. அதன் அரசியலோடு உடன்படாதவர்களும் உண்டு. உடன்படுவதற்காக மட்டுமே படிப்பதென்றால் நூல் எதற்கு?

இந்நகரில் வாழ்பவர்க்கென்றே ஒன்று: தெலுங்கு எழுத்தாளர் ஓல்காவின் 'விமுக்த' கதைகள். கௌரி கிருபானந்தன் 'மீட்சி' என்ற பெயரில் தமிழில் தந்திருக்கிறார். சீதை, சூர்ப்பணகையையும் அகலிகையையும் ஊர்மிளையையும் சந்தித்து உரையாடும் கதைகள். பக்கத்து வீட்டாரின் இலக்கியத்தைத் தமிழ்வழி அறிந்தபின் அவர்களோடு பேசுவதற்குப் புதிய பொருள் கிடைக்கும்.

இறுதியாக, பிள்ளைகளுக்கு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. விடுமுறைக்குக் கீழடி செல்லும் சிறுவனின் கதை. தமிழ் படிக்கத் தெரியாத குழந்தைக்கு நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இமையத்தின் 'செல்லாத பணம்' ஏன் இல்லை என்று சிலர் கேட்கக்கூடும். தீக்காயப் பிரிவின் வாசலில் நிகழும் அந்நாவல் மிகச் சிறந்தது. ஆனால் நெடுநாள் கழித்து வாசிப்புக்குத் திரும்புபவர் கையில் முதலில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாவதாகக் கொடுப்பேன். இன்னும் சிலர் இத்தகைய தெரிவு இலக்கியத்தை நீர்க்கச் செய்வது என்பர். மேற்சொன்னவற்றுள் எது நீர்த்தது என்று அவர்கள் காட்டட்டும். எளிதில் நுழைய முடிவதும் ஆழமின்மையும் ஒன்றல்ல.

'நட்சத்திரவாசிகள்' என் அறையிலேயே இருந்தது, நண்பரிடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை சார்மினார் விரைவு வண்டியில் சென்னை சென்றவர் இரவு பதினொன்றரைக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்: "எழுபதாம் பக்கம். லைட்டை அணைக்கச் சொல்லி மேல் பெர்த்துக்காரர் திட்டுறார்."

நண்பர்களே, உங்கள் வட்டத்திலும் எங்கோ ஒரு பக்கத்தில் நின்றுபோன வாசகர் ஒருவர் இருப்பார். அவருக்கு எந்த நூலைக் கொடுப்பீர்கள்? ஒரே ஒரு நூலின் பெயரை, ஏன் என்ற காரணத்தோடு கீழே எழுதுங்கள்.