டோரின்கோர்ட் பிரபுவின் ரத்தம்

பிறவியிலேயே பெருமை இருக்கின்றது என்று வாதிப்பவர்களுக்கு, அவர்கள் ரசித்துப் படிக்கும் ஒரு கதையைக் கொண்டே பதில் சொல்ல விரும்புகின்றோம். பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட் என்ற அம்மையார் 1886ல் புத்தகமாக வெளியிட்ட "லிட்டில் லார்டு பாண்டில்ராய்" என்பதே அக்கதை. அதில் வரும் டோரின்கோர்ட் பிரபு என்னும் இங்கிலீஷ் பட்டம் வெறும் கற்பனையே ஆகும்.

அந்தப் பிரபுவுக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவர் இருவரும் ஊதாரிகள், மூன்றாமவர் யோக்கியர். ரத்தத்திற்குத் தனிக் குணம் உண்டென்றால் ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூவரும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டாமா? பட்டத்திற்கு உரியவரோ யோக்கியர் அல்ல, முன்னே பிறந்தவர்!

நிற்க, மூவரும் இறந்து போகவே, மூன்றாமவருடைய மகன் செட்ரிக், நியூயார்க்கில் மளிகைக் கடைக்காரரோடும் பூட்ஸ் துடைக்கும் பையனோடும் சிநேகமாயிருந்த சிறுவன், திடீரென்று "லார்டு" ஆகின்றான். பிறகு ஒரு ஸ்திரீ வந்து, தன் மகனே மூத்தவருக்குப் பிறந்த வாரிசு என்கின்றாள். உடனே செட்ரிக்கின் பட்டம் ஆட்டங்கண்டு விடுகின்றது. அவள் சொன்னது பொய் என்று வெளியானதும் பட்டம் மறுபடியும் அவனுக்கே வருகின்றது.

தோழர்களே! இதற்குள் அந்தப் பையனுடைய ரத்தம் எத்தனை தடவை மாறிற்று? அறிவு கூடிற்றா, குறைந்ததா? ஒன்றுமில்லை. மாறியதெல்லாம் ஒரு கலியாணத்தைப் பற்றிய சாட்சியந்தான்!

இது கதைதானே என்பீர்களானால், நடந்ததையும் சொல்லுகின்றோம். லாயிட் ஜார்ஜ் மந்திரிசபைக் காலத்தில் பட்டங்கள் பணத்துக்கு விற்கப்பட்ட ஊழல் நாறி, அதைத் தடுக்க 1925ல் பார்லிமெண்டு சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. தகப்பன் விலைக்கு வாங்கிய பரம்பரைப் பட்டம் மகனுக்கு "உயர்ந்த ரத்தம்" ஆகிவிடுவது என்ன அதிசயம்!

1960ல் தகப்பனார் இறந்ததும் டோனி பென் என்பவர்மீது பிரபு பட்டம் தானாக வந்து விழுந்தது. வேண்டாம் என்றார், விடவில்லை. 1961ல் பிரிஸ்டல் தொகுதி ஜனங்கள் அவருக்கே ஓட்டுப் போட்டும், பிரபு என்ற ஒரே காரணத்திற்காக அந்த ஸ்தானம் தோற்றவருக்குக் கொடுக்கப்பட்டது. 1963ல் புதுச் சட்டம் வந்த அன்றே அவர் பட்டத்தை உதறினார். 1999ல் மற்றொரு சட்டம், பிரபுக்கள் சபையில் 92 பேரை மட்டும் விட்டுவிட்டுப் பரம்பரைப் பிரபுக்கள் பல நூறு பேரை வெளியேற்றிற்று. இயற்கை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆகவே சட்டத்தால் கொடுக்கவும் எடுக்கவும் கூடிய ஒன்றைப் பிறவியின் குணம் என்பது பித்தலாட்டமே அல்லாமல் வேறென்ன என்று கேட்கின்றோம். பட்டம் பெரிதா, மனிதன் பெரிதா என்பதை வாசகர்களே யோசித்து முடிவு செய்துகொள்ளட்டும்.