குப்பையைத் தள்ளுங்கள், எழுத்தைத் தள்ளாதீர்கள்

இணைய அகராதியோ தரவகமோ நடத்தும் எந்தத் துறையின் சேவையகப் பதிவைத் திறந்தாலும் ஒரே காட்சிதான். வேர்டுபிரஸ் நிறுவப்படாத தளத்திலும் வேர்டுபிரஸ் நுழைவுப் பக்கத்தைத் தட்டிப் பார்க்கும் பாட்கள். கடவுச்சொல் அடங்கிய அமைவுக் கோப்பு திறந்து கிடக்கிறதா என்று துழாவும் பாட்கள். இவற்றைத் தடுக்க வேண்டும் என்பதில் மறுப்பில்லை. எதனைக் குப்பை என்கிறோம் என்பதே என் வழக்கு.

விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட கோரிக்கை ஐயத்துக்குரியது என்று விதி எழுதுவோர் உண்டு. 'அகராதி' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். நமக்கு 4 எழுத்து. யூனிகோடில் 6 குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் 18 பைட்டு. இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் 3 குறிகளாக விரிய, மொத்தம் 54. அதே பொருள் தரும் ஆங்கிலச் சொல் 10 குறிகளில் முடிந்துவிடுகிறது. தேவநாகரிக்கும் வங்காளத்துக்கும் மலையாளத்துக்கும் இதே கணக்குத்தான். ஓவாஸ்ப் அமைப்பின் அடிப்படை விதித்தொகுப்பு இயல்பாக முதற்படியில் இயங்குவது. அதனை மூன்றாம் படிக்கு உயர்த்தினால், ஆஸ்கி எல்லைக்கு அப்பாற்பட்ட எழுத்து எதுவும் செல்லாத எழுத்தாகிவிடும். பாதுகாப்பு என்று எண்ணி நாம் உயர்த்தும் படி, நம் பயனரையே வெளியேற்றுகிறது.

முகவரியை வைத்துத் தடுப்பதிலும் இதே பிழை உண்டு. வளாகம் முழுவதும் ஒரே பொது ஐபி முகவரியில் வெளிவரும் இடத்தில், ஒரு வகுப்பு ஒன்றாக அமர்ந்து தேடினால் அது தாக்குதலாகத் தோன்றும்.

விளைவு ஆண்டறிக்கையில் தெரியும். வடிகட்டாத பதிவு பாட்களை வாசகர்களாக எண்ணுகிறது. தவறாக வடிகட்டிய பதிவு, இந்திய எழுத்துகளில் தேடுவோர் அரிது என்று சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியைக் காட்டி நிதியை மறுப்பது எளிது.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. செயலியில் இல்லாத பாதைகளை வாயிலிலேயே 404 தந்து திருப்புங்கள். அவற்றை அழிக்காமல் தனிக் கோப்பில் எழுதுங்கள். புதிய விதி எதனையும் முதலில் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் ஓடவிடுங்கள். அது பிடித்தவற்றை அம்மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

களப்பணியில் ஒரு வடிவத்தைப் பிழை என்று ஒதுக்குமுன், அம்மொழி பேசுவோரைக் கேட்கிறோம். சேவையகத்தின் முன் அமர்ந்தவுடன் அந்த ஒழுக்கத்தை ஏன் கைவிடுகிறோம்?