கயித்துல தொங்கிக்கிட்டே ஒரு கோட்டைக்குள்ள...

போன சனிக்கிழமை காசும் கொடுத்து, 'ஏதாச்சும் ஆனா நானே பொறுப்பு'ன்னு ஒரு காகிதத்துல கையெழுத்தும் போட்டுட்டு, இருட்டான ஒரு குழிக்குள்ள கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினேன். ராத்திரி வீட்டுக்கு ஃபோன் போட்டு இதைப் பெருமையா சொன்னா, அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா, அங்க படிக்கட்டு இல்லையா?"

இருக்கு. பக்கத்துலயே இருக்கு. இறங்கின எல்லாரும் அந்தப் படிக்கட்டு வழியாத்தான் மேல ஏறி வந்தோம். அதை மட்டும் அம்மாகிட்ட சொல்லலை :-)

ஆணி புடுங்கறதுக்காக ஒரு வருஷமா போலந்துல போஸ்னான் நகரத்துல குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். இங்கிருந்து மேற்கால கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் போனா மியென்ஜிஷெச்னு ஒரு ஊர் வரும். (சரியா உச்சரிச்சிட்டேனான்னு கேக்காதீங்க. டிக்கெட் கவுண்டர்ல மூணு தடவை சொல்லிப் பார்த்துட்டு, கடைசியில எழுதிக் காட்டித்தான் டிக்கெட் வாங்கினேன்.) 1945 வரைக்கும் அது ஜெர்மனி. போலந்து எல்லை பக்கத்துலயே இருந்ததால, கிழக்கேயிருந்து யாராவது படையெடுத்து வந்தா தடுக்கணும்னு ஜெர்மன்காரன் அங்க பூமிக்கு அடியில ஒரு கோட்டை கட்டினான். மேல இருந்து பார்த்தா காடு, வயல், அங்கங்க பாசி பிடிச்ச கான்கிரீட் மேடு, டாங்கியைத் தடுக்கறதுக்காக வரிசை வரிசையா நட்டு வெச்ச கான்கிரீட் பல்லு. அவ்வளவுதான். ஆனா அடியில 30 கிலோமீட்டருக்கு மேல சுரங்கம் ஓடுது. குட்டி ரயில் விடறதுக்கு தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாம் கூட உண்டு.

பொட்டி தட்டுறவங்களுக்கு இந்தக் கோட்டையோட கதை ரொம்பப் பிடிக்கும். 1934-ல வேலை தீவிரமாகுது. 1935-ல ஹிட்லரே நேர்ல வந்து பார்த்துட்டுப் போறார். ஒன்றரை மீட்டர் கனத்துக்கு கான்கிரீட் சுவர், எஃகுக் கூண்டு, அதுக்குள்ள இயந்திரத் துப்பாக்கின்னு திட்டம் வளர்ந்துக்கிட்டே போகுது. 1938-ல மேலிடத்துக்கு மேற்கு எல்லை மேல ஆசை வந்துடுது. ஆளையும் சிமெண்டையும் அந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டு இதைப் பாதியில நிறுத்திடறாங்க. கிளையண்ட் மனசு மாறிட்டான், டீமை வேற பிராஜெக்டுக்கு மாத்திட்டாங்க... கேட்ட கதை மாதிரி இல்லை? கடைசியில 1945 ஜனவரியில சோவியத் படை நிஜமாவே வந்தப்ப, இவ்வளவு பெரிய கோட்டையைக் காக்கப் போதுமான ஆள் இல்லை. ஒரு டாங்கிப் படைப்பிரிவு சாலைத் தடுப்பை அகற்றிட்டு ராத்திரியோட ராத்திரியா நடுவால புகுந்து போயிடுச்சு. சில நாள்ல எல்லாம் முடிஞ்சது. பத்து வருஷமா கோடு எழுதி, புரொடக்‌ஷன்ல போட்ட அன்னிக்கே படுத்துக்கிட்ட சாஃப்ட்வேர்னு வெச்சுக்கோங்க.

சரி, கயிறு.

நம்ம ஊர்ல என்.சி.சி. ஆளுங்க இதை ராப்பெல்லிங்னு சொல்வாங்க. இங்க அப்சைலிங். கோட்டை மாதிரியே இந்தச் சொல்லும் ஜெர்மன்தான், 'சைல்'னா கயிறு. அந்தக் காலத்துல மேலயிருக்கிற பதுங்குகுழிக்கும் அடியில ஓடற சுரங்கத்துக்கும் நடுவுல சிப்பாய்ங்க ஏறி இறங்க செங்குத்தா குழி வெட்டி, படிக்கட்டு வெச்சிருந்தாங்க. போருக்கப்புறம் வந்தவங்க வெடி வெச்சது போக, உருவ முடிஞ்ச இரும்பையெல்லாம் உருவிட்டுப் போயிட்டாங்க. படிக்கட்டு போன ஒரு குழியிலதான் எங்களை இறக்கினாங்க. சுமார் பத்து மாடி ஆழம். நாங்க ஏழு பேர். பதினஞ்சு வயசுப் பையனோட வந்த ஒரு அப்பா, ஒரு காதல் ஜோடி, பேசிக்கவே பேசிக்காத ரெண்டு பேர், அப்புறம் அடியேன்.

இடுப்புலயும் தொடையிலயும் வார்ப்பட்டை. அதுல கொக்கி, கொக்கியில எட்டு வடிவத்துல ஒரு இரும்பு. அந்த எட்டுல கயிறு சுத்தி வருது, உராய்வுதான் நம்மளைத் தாங்குது. காலேஜ்ல பெல்ட் உராய்வுக்கு ஒரு சூத்திரம் படிச்சோம், ஞாபகம் இருக்கா? சுத்தின கோணம் கூடக் கூட, தாங்கற விசை அடுக்குக் கணக்குல எகிறும். 78 கிலோ மனுஷனை ஒத்தைக் கையால நிறுத்த முடியுறது அதனாலதான். மெக்கானிக்ஸ் பேப்பர்ல அந்தக் கேள்வியை நான் சாய்ஸ்ல விட்டவன். அன்னிக்கு விளிம்புல முதுகைக் காட்டிக்கிட்டு நின்னப்ப, அந்தச் சூத்திரம் முழுசா கண்ணு முன்னாடி வந்துச்சு. வழிகாட்டி மேல இருந்து இன்னொரு கயித்துலயும் பிடிச்சிருக்கார், நான் கையை விட்டாலும் விழ மாட்டேன். எல்லாம் மூளைக்குத் தெரியுது. முட்டிக்குத் தெரியலையே.

பின்னால சாயணும், அதான் கஷ்டம். உடம்பை சுவருக்கு நேரா நீட்டி, காலை அகட்டி வெச்சு, நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காரணும். பயத்துல சுவரை ஒட்டி நின்னா கால் வழுக்கும். முதல் மூணு மீட்டர் நகரவே மாட்டேங்குது. கீழ தொங்கற கயித்தோட எடையே பிரேக் போடுதாம், அதனால கயித்தைக் கையால ஊட்டி ஊட்டி விடணும். இறங்க இறங்க அந்த எடை குறையுது, வேகம் கூடுது. வெளிய நல்ல வெயில், உள்ள பத்து டிகிரி கூட இருக்காது. பாதி வழியில அண்ணாந்து பார்த்தா, மேல வெளிச்சம் தட்டு அளவுக்கு. சின்ன வயசுல எங்க ஊர்க் கிணத்துல தூர் வார ஆள் இறங்குவாங்க. ஜகடையில வடம், இடுப்புல ஒரு சுத்து, வாயில பீடி. ஹெல்மெட்டாவது ஒண்ணாவது! கரையில படுத்துக்கிட்டு எட்டிப் பார்ப்போம். அவங்க மேல பார்த்தப்போ இந்தத் தட்டுதான் தெரிஞ்சிருக்கும்னு அப்பத்தான் தோணுச்சு. அவங்களுக்குக் கூலி கொடுத்தாங்க, நான் காசு கொடுத்து இறங்கறேன்.

கீழ போனதும் வழிகாட்டி எல்லார் விளக்கையும் அணைக்கச் சொன்னார். கண்ணைத் திறந்தா மூடினா வித்தியாசமே இல்லை. எங்கேயோ தண்ணி சொட்டுற சத்தம். அந்தப் பையன் மட்டும் மெதுவா அப்பாவைக் கூப்பிட்டான்.

இதுவரைக்கும் படிச்சிட்டு 'சூப்பர் அனுபவம், நானும் போகணும்'னு பின்னூட்டம் போடக் கையைத் தூக்கியிருப்பீங்க. கொஞ்சம் பொறுங்க, இந்தப் பதிவை எழுத உக்கார்ந்ததே இனிமே வர்ற விஷயத்துக்காகத்தான்.

ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு போலந்து நண்பர் ஒருத்தரையும் கூப்பிட்டேன். என்னை விட பத்து வயசு பெரியவர், மலையேறுறவர், கயிறெல்லாம் அவருக்கு ஜுஜுபி. வரலைன்னுட்டார். ஏன்னு நோண்டினேன். அவரோட தாத்தாவைப் பதினாறு வயசுல ஒரு ஜெர்மன் பண்ணைக்குக் கட்டாய வேலைக்குப் பிடிச்சுட்டுப் போனாங்களாம். 1940-லயிருந்து அப்படிப் போன போலந்துக்காரங்க எல்லாரும் சட்டையில மஞ்சள் துணி தெச்சுக்கணும், அதுல ஊதா நிறத்துல 'பி'ன்னு ஒரு எழுத்து. "அந்த ஆளுங்க கட்டின குழியில நான் விளையாட்டுக்கு இறங்கினா தாத்தாவுக்குப் பிடிக்காது. நீ போ, ஒண்ணும் தப்பில்லை. கயிறு முடிச்சை மட்டும் ரெண்டு தடவை பாரு"ன்னார். கோபமே இல்லாம சொன்னார். அதான் குத்துச்சு.

போயிட்டு வந்ததுலேர்ந்து இதுதான் மண்டைக்குள்ள ஓடுது. போர் நடந்த இடத்துல சாகச விளையாட்டு நடத்தலாமா? எல்லா இடத்துலயும் கூடாதுன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துவரலை. தஞ்சாவூர்லயும் செஞ்சியிலயும் கோட்டை மதில் மேல உக்கார்ந்து நாம சாப்பிடாத புளியோதரையா? காலம் போனா கோட்டை வெறும் கல்லாயிடும், பிள்ளைங்க ஏறத்தான் செய்யும். ஆனா எந்தக் கோட்டைன்னு பார்க்காம டிக்கெட் கிழிக்கறதும் சரியில்லை. நான் யோசிச்சு வெச்சிருக்கற அளவுகோல் ஒரே ஒரு கேள்விதான்: இதை யார் தோண்டினது?

இதே போலந்துல தெற்குப் பக்கம், ஆந்தை மலைன்னு ஒரு மலைத்தொடர். அங்கேயும் ஜெர்மன்காரன் 1943-லயிருந்து 1945 வரைக்கும் சுரங்கம் குடைஞ்சான். திட்டத்துக்குப் பேரு ரீசே, அப்படின்னா ராட்சதன். குடைஞ்சது யாரு? குரோஸ்-ரோசன் வதைமுகாம் கைதிங்க. பட்டினி, குளிர், நோய், பாறைச் சரிவுன்னு ஆயிரக்கணக்குல செத்தாங்க. அந்தச் சுரங்கங்கள்ல ஒண்ணுல இன்னிக்குத் தண்ணி நிரம்பின பாதையில படகு சவாரி இருக்கு. போய்ப் பாருங்க, அவசியம் பாருங்க, நானும் போவேன். ஆனா அங்க எவனாச்சும் கயித்தைக் கட்டி 'த்ரில் வேணுமா'ன்னு கூவினா, நான் திரும்பி வந்துடுவேன். அங்க பாறையில இருக்கற ஒவ்வொரு துளையும் ஒரு கைதி போட்டது.

நான் இறங்கின கோட்டை அப்படி இல்லை. போருக்கு முன்னாடி, கூலிக்கு வேலை பார்த்தவங்க கட்டினது. கட்டி முடிக்காம, பெருசா உதவாம போன ஒரு ராணுவ ஆடம்பரம். அதுல தொங்கறதுல எனக்கு உறுத்தல் இல்லைன்னு நண்பர்கிட்ட வாதாடினேன். அவர் காபியைக் கலக்கிக்கிட்டே, "அது தோத்துப்போச்சுங்கிறதால நீ அதை மன்னிச்சுட்டே"ன்னார்.

பதில் சொல்ல முடியலை. ஏன்னா ஒரு விஷயத்தை நான் வசதியா விட்டுட்டேன். போர்க்காலத்துல அதே சுரங்கத்துல ஒரு பகுதியில விமான எஞ்சின் பாகம் செய்யற தொழிற்சாலையைக் கொண்டுவந்து வெச்சிருந்தாங்க. வேலை செஞ்சவங்கள்ல கட்டாயத்துக்குக் கொண்டுவரப்பட்டவங்களும் உண்டு. என்னோட அளவுகோல்ல 'யார் தோண்டினது'க்குப் பாஸ் மார்க், 'உள்ள யார் வேலை செஞ்சது'க்கு ஃபெயில். அளவுகோலைத் திருத்தணும் போல.

இதுல எங்க வழிகாட்டி மேல எனக்கு ஒரு குறை. முக்கால் மணி நேரம் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்தார், அருமையா சொல்லிக்கொடுத்தார். கொக்கியை மூடிட்டு ஒருத்தர் கொக்கியை இன்னொருத்தர் செக் பண்ண வெச்சார். நம்ம கோடு ரிவ்யூவுல பாதியாவது அப்படி நடந்தா புண்ணியமாப் போகும். ஆனா கோட்டையோட கதைக்கு ரெண்டே நிமிஷம். தொழிற்சாலைக்கு ஒரு வரி, தொழிலாளிகளுக்கு அரை வரி. கீழ விளக்கை அணைச்சு வெச்சிருந்தாரே, அந்த இருட்டுல ஒரு அஞ்சு நிமிஷம் அவங்களைப் பத்திப் பேசியிருக்கலாம். ஏழு பேரும் நகர முடியாம நின்னோம், காது மட்டும்தான் வேலை செஞ்சது. இதை விட நல்ல வகுப்பறை எங்க கிடைக்கும்? அந்தப் பையன் வீட்டுக்குப் போய் "பத்து மாடி இறங்கினேன்"னு மட்டும் சொல்லியிருப்பான். நான் அம்மாகிட்ட சொன்ன மாதிரியே.

அதுக்காக மொத்தத்தையும் மூடிடுங்கன்னு சொல்ல மாட்டேன். ஆள் வராத இடத்துக்கு என்ன ஆகும்னு இந்தக் கோட்டையே ஒரு தடவை பார்த்திருக்கு. 1980-கள்ல அப்போதைய அரசாங்கம் அணுக்கழிவை இதுக்குள்ள போட்டு வைக்கலாம்னு திட்டம் போட்டுச்சு. 1987-ல மியென்ஜிஷெச் ஜனங்க தெருவுல இறங்கினாங்க, கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த காலத்துல. திட்டம் கைவிடப்பட்டது. இப்போ உள்ள இருக்கறது வௌவால். சில குளிர்காலத்துல 30 ஆயிரத்துக்கும் மேல எண்ணியிருக்காங்க, ஐரோப்பாவுலயே பெரிய வௌவால் குளிர்காலக் கூட்டங்கள்ல ஒண்ணு. பக்கத்து கிராமத்துப் பேரே நியெத்தோபெரெக், அதாவது குட்டி வௌவால். அதுங்க தூங்கற மாசங்கள்ல சுரங்கத்தோட பெரும்பகுதிக்குள்ள நமக்கு அனுமதி கிடையாது. எழுப்பிவிட்டா சேத்து வெச்ச கொழுப்பு கரைஞ்சு, குளிர் முடியறதுக்குள்ள செத்துடுமாம். கோட்டையை உருப்படியாப் பயன்படுத்தறது அதுங்க மட்டும்தான்.

திங்கக்கிழமை ஆபீஸ்ல நண்பர் "முடிச்சு பார்த்தியா?"ன்னு கேட்டார். ரெண்டு தடவை பார்த்தேன்னேன். ஃபோட்டோ காட்டுன்னார். ஹெல்மெட்டோட பல்லைக் காட்டிக்கிட்டு நான் தொங்கற படத்தைத் தாண்டித் தாண்டித் தள்ளிட்டு, கீழ சுரங்கத்துல தண்டவாளம் இருட்டுக்குள்ள போற படத்துல நிறுத்தினார். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தப் படத்தை எனக்கு அனுப்பு"ன்னார்.

டிஸ்கி: போறவங்க வெயில்காலமா இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க. பழைய பேண்ட் போதும், கான்கிரீட்ல உரசியே கிழிஞ்சுடும். என்னோடது கிழிஞ்சது. எங்க கிழிஞ்சதுன்னு யாரும் பின்னூட்டத்துல கேக்கக் கூடாது, ஆமா!