நெங்கிரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

கிளந்தானில் அணை கட்டினால் ஈப்போ தமிழனுக்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பதில் நம் தோட்டங்களில் இருக்கிறது. பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோதும், மூன்று தலைமுறை பால் வெட்டியவனிடம் நிலப்பட்டா கேட்டார்கள். லயமும் கோயிலும் சுடுகாடும் கைவிட்டுப் போயின.

குவா மூசாங்கில் தெமியார் மக்கள் அதே நிலையில் நிற்கிறார்கள். தெனாகா நேஷனலின் 300 மெகாவாட் நெங்கிரி அணைக்கு அவர்களின் மூதாதையர் நிலமும் புதைகுழிகளும் பலி. கூடவே புலிக்காடும் பலி. 2016-2020 கணக்கெடுப்பின்படி நாட்டில் எஞ்சியவை 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே. இழப்பீட்டுப் பணத்தால் காடு முளைக்காது.

1970களில் தெமெங்கோர் அணைக்காக நம் பேராக்கிலேயே ஜஹாய், தெமியார் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். அந்தப் பாடம் போதாதா?

மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதன் விலையை எப்போதும் குரலற்றவனே ஏன் கட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறோம். தாமான் நெகாராவை மூழ்கடிக்க இருந்த தெம்பெலிங் அணை 1980களின் தொடக்கத்தில் மக்கள் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. எதிர்ப்பு வீண்போகாது.

நம் உரிமைக்குக் குரல் கொடுக்கும் நாம், தெமியார் உரிமைக்கு வாய் மூடி நிற்பது நியாயமா? சிந்திப்போம், தோழர்களே!