வெளியான அன்றே வேண்டுமா?

"அம்மா, புது வீடியோ கேம் வருது, இப்பவே பணம் கட்டணும்" என்று பிள்ளை கேட்டால் உடனே பர்ஸைத் திறந்துவிடாதீர்கள், சகோதரிகளே! 'சைபர்பங்க் 2077' கதையைக் கேளுங்கள்.

போலந்து நாட்டு சி.டி. ப்ராஜெக்ட் நிறுவனம் 2012-லேயே அறிவித்த விளையாட்டு இது. எதிர்கால நகரம் ஒன்றில் நாமே ஒரு பாத்திரமாகி, கதையை நம் இஷ்டப்படி நடத்திக்கொண்டு போகலாம். 2019-ல் ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸே மேடையேறி விளம்பரம் செய்தார். அப்புறம் கேட்கணுமா? 80 லட்சம் பிரதிகளுக்கு முன்பதிவு!

2020 டிசம்பர் 10-ல் வெளிவந்தது. அதற்கு முன்பே வந்த விமர்சனங்கள் பெரும்பாலும் புகழ்மாலைதான். ஆனால் அந்த விமர்சகர்கள் ஆடிப் பார்த்தது கம்ப்யூட்டரில். வீட்டிலிருந்த பிளேஸ்டேஷன் 4-ல் போட்டவர்களுக்கோ படம் திக்கித் திணறி, பாதியிலேயே நின்றுபோயிற்று. சுமார் ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. 2021 ஜூனில்தான் மறுபடி விற்பனைக்கு வைத்தார்கள். குறைகளைத் திருத்தித் திருத்தி, 2023-ல் நல்ல பெயரும் வாங்கிவிட்டார்கள்.

கடை விளக்கில் மின்னும் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்போமில்லையா? அதே போல, நம் வீட்டில் உள்ள மெஷினில் ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரியும்வரை பொறுங்கள். அட்டையிலுள்ள வயதையும் பாருங்கள். இதற்கு ஐரோப்பாவில் போட்ட முத்திரை 18. சின்னப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. பொறுத்தால் விலையும் குறைவதுண்டு!